சட்டம் அறிவோம்: சங்கத்து யாப்பும் நாட்டு யாப்பும்



சென்ற மாதம் சுன்னாகம் பக்கத்தில் நடந்த மாதர் சங்கக் கூட்டமொன்றில் அரசியலமைப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா கையை உயர்த்தினார். "பிள்ளை, உது கொழும்பில இருக்கிற பெரிய ஆக்களின்ர கதை. எங்கட கிணத்துக்கும் அடுப்புக்கும் உது என்ன செய்யப்போகுது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ அது நல்ல கேள்வியாகவே பட்டது. இந்த மாதம் அந்தக் கேள்விக்கே மறுமொழி எழுதுகிறேன்.

அன்று அவரிடம் நான் திருப்பிக் கேட்டேன்: "அம்மா, உங்கட சங்கக் காசைத் தலைவி தான் நினைச்ச நேரம் வங்கியில எடுக்கலாமோ?"

"அதெப்பிடி? பொருளாளரும் கையெழுத்து வைக்கவேணும். யாப்பில அப்பிடித்தானே கிடக்கு!"

அவ்வளவுதான் விடயம். தலைவி நல்லவராக இருக்கலாம், எல்லோருக்கும் பிடித்தவராகவும் இருக்கலாம். ஆனாலும் அவருக்கு மேலே ஒரு யாப்பு இருக்கிறது. நாட்டுக்கும் அப்படி ஒரு யாப்பு உண்டு. அதையே அரசியலமைப்பு என்கிறோம். சாதாரண சட்டம் மக்களைக் கட்டுப்படுத்துகிறது. அரசியலமைப்பு ஆளுகின்றவர்களையும் கட்டுப்படுத்துகிறது. சட்டம் ஆக்குவது பாராளுமன்றத்தின் வேலை, அதை நடைமுறைப்படுத்துவது நிறைவேற்றுத்துறையின் வேலை, பிணக்கு வந்தால் தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. மூன்றும் ஒரே கையில் சேரக்கூடாது என்பது, சங்கத்தில் இரண்டு கையெழுத்துக் கேட்பது போன்ற ஓர் ஏற்பாடுதான்.

இந்த எண்ணம் ஒரே நாளில் வந்ததல்ல. இங்கிலாந்தில் 1215ஆம் ஆண்டு ஜோன் மன்னனின் வரிக்கொடுமை தாங்காத பிரபுக்கள், தேம்ஸ் நதிக்கரையில் அவனை ஒரு சாசனத்துக்கு உடன்பட வைத்தார்கள். அதன் பெயர் மக்னா கார்ட்டா. சட்டப்படியான தீர்ப்பு இல்லாமல் சுதந்திரமான எந்த மனிதனையும் பிடிக்கவோ சிறையிடவோ கூடாது என்று அதில் எழுதப்பட்டது. அதே சாசனத்தில் கணவனை இழந்த பெண்களைப் பற்றியும் எழுதியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கணவன் இறந்தால் அவளுடைய சீதனமும் முதுசமும் தாமதமின்றி அவளுக்குக் கிடைக்கவேண்டும், அவள் விரும்பாமல் மறுமணம் செய்யும்படி வற்புறுத்தக்கூடாது என்றது அது. அந்தக் காலத்தில் இதன் பயன் பெரும்பாலும் மேற்குடிப் பெண்களுக்கே கிடைத்தது. என்றாலும் அரசனின் கைக்கு எல்லை போட்ட ஆரம்ப ஏடுகளில் ஒன்றிலேயே ஒரு விதவையின் காணியும் வீடும் இடம்பிடித்தன என்பதை நாம் நினைவில் வைத்திருக்கலாம்.

பின்னர் 1787இல் அமெரிக்காவில், மக்களின் பெயரால் ஓர் அரசியலமைப்பு எழுதப்பட்டது. ஆனால் அந்த 'மக்கள்' என்ற சொல்லுக்குள் அடிமைகளும் பெண்களும் வந்து சேர நெடுங்காலம் எடுத்தது.

எங்கள் நாட்டுக்கு வருவோம். 1931இல் டொனமூர் அரசியலமைப்பு 21 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாக்குரிமை கொடுத்தது. பிரான்ஸ் நாட்டுப் பெண்களுக்கு அது கிடைத்தது 1944இல்தான். ஆனால் பூரண சுயாட்சி கிடைக்கவில்லை என்பதற்காக யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. வடக்கின் நான்கு தொகுதிகள் வெறுமையாக இருந்து, 1934இல்தான் நிரப்பப்பட்டன. எங்கள் பாட்டிமார் கையில் வந்த வாக்கைப் போடுவதற்கு மூன்று ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

1947ஆம் ஆண்டுச் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தவரை மட்டும் பாதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கக்கூடாது என்றது. அந்தப் பிரிவு இருக்கும்போதே 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். 1956இல் தனிச்சிங்களச் சட்டமும் வந்தது. 1972ஆம் ஆண்டு யாப்பில் அந்தப் பிரிவே இல்லாமற்போனது. ஏட்டில் எழுதியது மட்டும் காவலாகிவிடாது என்பதை எங்களைவிட யார் அறிவார்? எழுதியதைத் தட்டிக் கேட்க ஆளும் வேண்டும், வழியும் வேண்டும்.

அந்த வழி இன்றைய அரசியலமைப்பில் ஓரளவு இருக்கிறது. 1978ஆம் ஆண்டு யாப்பின் மூன்றாம் அத்தியாயம் அடிப்படை உரிமைகளைச் சொல்கிறது. 11ஆம் உறுப்புரை எவரையும் சித்திரவதை செய்யக்கூடாது என்கிறது. 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது. 13ஆம் உறுப்புரை சட்டப்படியல்லாமல் எவரையும் கைது செய்யக்கூடாது என்கிறது. அரச அதிகாரிகள் இவற்றை மீறினால் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்தில் வழக்கு வைக்கலாம்.

இப்போது அந்த அம்மாவின் கிணற்றுக்கு வருகிறேன். ஆறில்லாத எங்கள் குடாநாட்டுக்குச் சுண்ணக்கல்லின் கீழே கிடக்கும் நிலத்தடி நீர்தான் உயிர். சுன்னாகம் மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்ததும், பௌசர் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்ததும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதைப் பற்றிச் சுற்றாடல் அமைப்பொன்றின் தலைவரான ரவீந்திர காரியவசம், பொதுநலன் கருதி 2015இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்கு வைத்தார். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. 12ஆம் உறுப்புரை மீறப்பட்டதாக நீதிமன்றம் கண்டது. மின் நிலையத்தை நடத்திய கம்பனி, பாதிக்கப்பட்ட மக்களுக்காக 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்டவேண்டும் என்று கட்டளையிட்டது. மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்கவேண்டும் என்ற கொள்கை அங்கே ஏற்கப்பட்டது.

'சுத்தமான கிணற்றுநீர்' என்று எங்கள் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் எழுதியிருக்கவில்லை. சட்டத்தின் சமமான பாதுகாப்பு என்றுதான் இருக்கிறது. அந்தச் சில சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் சுன்னாகத்துக் கிணறு உயர் நீதிமன்றம் வரை போனது. கிணறு இழந்த வருத்தத்துக்கு அந்தக் காசு ஈடாகாது. ஆனாலும் கேட்டால் பதில் சொல்லவேண்டிய ஓர் இடம் இருக்கிறது என்பது நிரூபணமாயிற்று.

இங்கே ஒன்றைக் குறித்து வையுங்கள். அடிப்படை உரிமை வழக்கை, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் வைக்கவேண்டும். யாரிடம் போவது என்று தெரியாமலே அந்த மாதம் கழிந்துபோன பெண்கள் எங்களுக்குள் எத்தனை பேர்! அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. யாழ்ப்பாணத்திலேயே ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. முறைப்பாட்டின் பிரதியையும் இலக்கத்தையும் பத்திரமாக வைத்திருங்கள்.

எல்லாக் கதவும் திறந்திருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். 1978க்கு முன்னிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்று 16ஆம் உறுப்புரை கூறுகிறது. அதனால்தான் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் பெயரிலுள்ள சீதனக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. கணவன் காணாமற்போய் வருடக்கணக்கான ஒருத்தி யாரிடம் கையெழுத்து வாங்குவாள்? 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலேயே இதற்கொரு வழி இருக்கிறது. கணவனின் இருப்பிடம் தெரியாவிட்டால், மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச் செய்து, அவருடைய சம்மதமின்றியே காணியை விற்க அனுமதி கேட்கலாம். இதற்காக அவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. கட்டணம் செலுத்த வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

கூட்டம் முடிந்து செருப்பைப் போடும்போது அந்த அம்மா என்னிடம் வந்தார். "உந்த யாப்புப் புத்தகம் தமிழிலயும் கிடக்கோ பிள்ளை?" என்றார். கிடக்கிறது. தமிழும் அரச கரும மொழி என்று அதே புத்தகத்தின் 18ஆம் உறுப்புரை சொல்கிறது. உங்கள் சனசமூக நிலையத்தில் ஒரு பிரதி வாங்கி வைக்கும்படி கேளுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் மூன்றாம் அத்தியாயத்தை மட்டுமாவது ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர்கள் கேட்கட்டும்.

அடுத்த இதழில், மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச் செய்யப் போகும்போது எந்தெந்தப் பத்திரங்களைக் கொண்டுபோவது என்று பார்ப்போம்.