பெல் அடிச்சா சிஸ்டர் வருவாங்களா?

டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் பேப்பர்ல வந்த எஸ்.ஆர். லாட்ச் ஞாபகம் இருக்கா மக்களே? ஒரு தடவை செட் பண்ணிட்டா, யாராவது ரீசெட் பண்ற வரைக்கும் அப்படியே நிக்கும். 'இதெல்லாம் எங்கே யூஸ் ஆகப் போகுது'னு லேப்ல கொட்டாவி விட்ட பார்ட்டிகளுக்கு ஒரு தகவல்... ஆஸ்பத்திரி கட்டில் பக்கத்துல தொங்குதே கால் பெல், அதுக்குள்ள இருக்கறது இந்த ஐடியாதான். அதுவும் ட்ரான்சிஸ்டர் பொறக்க நூறு வருஷம் இருக்கும்போதே யோசிச்சது!

1853. லண்டன் ஹார்லி தெருவுல பெண்களுக்கான ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பேத்துக்கிட்டாங்க ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். கிரிமியப் போருக்குப் போனதெல்லாம் அடுத்த வருஷக் கதை. நோயாளி இழுக்கிற மணி, அதே மாடியில நர்ஸ் ரூம் வாசல்லயே அடிக்கணும்னு கேட்டாங்க. அடிச்சதும் ஒரு சின்ன மூடி திறந்து, திறந்தபடியே நிக்கணும். ஏன்? சத்தம் ரெண்டு செகண்ட்ல அடங்கிடும். நர்ஸ் அப்போ வேற கட்டில்ல இருந்தா, திரும்பி வந்து பார்க்கும்போது யார் கூப்பிட்டதுன்னு தெரியணுமே! மாடிக்கு மாடி குழாய்ல வெந்நீர், சாப்பாடு மேலே ஏத்த ஒரு லிஃப்ட்... இதையும் கேட்டாங்க. இதெல்லாம் இல்லைன்னா நர்ஸுங்கறவங்க படி ஏறி இறங்குற வெறும் ஒரு ஜோடி கால்தான்ங்கறது அம்மணியோட வாதம்.

இன்னிக்கு அந்த மூடிக்குப் பதிலா ரூம் வாசல்ல ஒரு லைட், நர்ஸ் ஸ்டேஷன்ல ஒரு பேனல். பெரும்பாலான சிஸ்டத்துல ரீசெட் பட்டன் கட்டில் பக்கத்துலதான் இருக்கும். சும்மா உட்கார்ந்த இடத்துல இருந்தே அணைச்சுட முடியாது, நேர்ல வந்தே ஆகணும். செம டிசைன்ல?

ஆனா அந்த பெல் அனுப்பறது ஒரே ஒரு பிட். 'தண்ணி வேணும்'னாலும் அதே லைட், 'நெஞ்சு அடைக்குது'ன்னாலும் அதே லைட். மிச்சத்தை சிஸ்டர் தன் மண்டையில இருந்துதான் எடுத்தாகணும். பதினாலாம் நம்பர் பெட்ல யாரு, காலையில என்ன ஆபரேஷன், முந்தாநாள் ராத்திரி எப்படி இருந்தாரு... இத்தனையும் கணக்குப் போட்டுத்தான் எந்த லைட்டுக்கு முதல்ல ஓடறதுன்னு முடிவு பண்றாங்க. அப்போ அவங்க கையில வேற யாருக்கோ போட வேண்டிய ஊசி பாதி ஏறியிருக்கும். அதை அப்படியே வெச்சுட்டு வந்தா நமக்கு சந்தோஷம்தான். அந்த நோயாளிக்கு? சிட்னியில ரெண்டு ஆஸ்பத்திரியில 98 நர்ஸுங்க மருந்து கொடுக்கறதைப் பக்கத்துல நின்னு கவனிச்சு 2010-ல ஒரு ஆய்வு வெளியாச்சு. நடுவுல ஒவ்வொரு தடவை குறுக்கிடும்போதும் மருந்துத் தப்புகள் சுமார் 12 சதவிகிதம் கூடியிருந்தது. 'கூப்பிட்டு எவ்ளோ நேரமாச்சு!'னு கவுன்ட்டர்ல போய்க் கத்தறதும் ஒரு குறுக்கீடுதான் தலைவா.

அதுக்காக நோயாளி காத்துட்டே இருக்கட்டும்னு சொல்ல வரலை. லைட் எரிஞ்சிட்டு இருக்கு, யாரும் வரலை, அவசரமா பாத்ரூம் போகணும். எழுபது வயசுத் தாத்தா என்ன பண்ணுவாரு? 'எதுக்கு அந்தப் பொண்ணைத் தொந்தரவு பண்ணிக்கிட்டு'னு தானே எழுந்திரிப்பாரு. ஒரு கையில ட்ரிப்ஸ், காலுக்குக் கீழே ஈரத் தரை. விழுந்தா இடுப்பெலும்பு. காய்ச்சலுக்கு வந்தவர் எலும்பு ஆபரேஷனுக்குப் போவாரு.

இதுக்கு அமெரிக்காவுல ஒரு வழி பார்த்தாங்க. பெல் அடிக்கறதுக்கு முன்னாடியே, பகல்ல மணிக்கு ஒரு தடவை நர்ஸே ஒவ்வொரு கட்டிலுக்கும் போறது. பாத்ரூம் போகணுமா, வலிக்குதா, திரும்பிப் படுக்கணுமா, தண்ணியும் பெல்லும் கைக்கு எட்டுதா? இவ்வளவுதான் கேள்வி. 2006-ல வந்த ரிசல்ட்படி பெல் அடிக்கறது கிட்டத்தட்ட 38 சதவிகிதம் குறைஞ்சது, கீழே விழறது பாதியாச்சு. கூப்பிடற காரணத்துல பெரும்பாலும் முன்கூட்டியே தெரியற விஷயங்கதானே!

சரி, நம்ம ஊர் ஜி.ஹெச். வார்டுக்கு வாங்க. பல இடத்துல பெல்லே கிடையாது, கூட இருக்கற அட்டெண்டர்தான் பெல்! அதாவது நீங்க. டீச்சிங் ஆஸ்பத்திரி ஜெனரல் வார்டுல 3 பேருக்கு 1 நர்ஸ் இருக்கணும்னு இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு சொல்லுது. ஒரு நைட்டு துணைக்குப் படுக்கப் போனீங்கன்னா, கட்டிலை எண்ணுங்க, அப்புறம் சிஸ்டர்களை எண்ணுங்க. மணிக்கு ஒரு ரவுண்டு ஏன் நடக்கலைன்னு உங்களுக்கே புரிஞ்சிடும்.

அதனால போய்ச் சொல்லும்போது 'சிஸ்டர், சீக்கிரம் வாங்க'னு மொட்டையா நிக்காம, 'பதினாலாம் பெட், ட்ரிப்ஸ் இறங்கலை, கை வீங்கியிருக்கு'ன்னு சொல்லுங்க. குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்த பிறகு ஓடாதீங்க, கொஞ்சம் பாக்கி இருக்கும்போதே சொல்லிடுங்க. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, கூப்பிட்டா முழிக்கலை... இதுக்கெல்லாம் மேனர்ஸ் பார்க்காம கத்திக்கிட்டே ஓடலாம். பெல் இருக்கற ஆஸ்பத்திரியா? ட்ரிப்ஸ் ஏறாத கைப்பக்கம் அது கிடக்கான்னு பாருங்க. தலைக்குப் பின்னால சுவத்துல தொங்குற பெல்லை ஆபரேஷன் ஆனவர் எப்படி எடுப்பாரு?

அப்புறம், ஃபைனல் இயர் ஈ.சி.ஈ. மக்களே... வருஷா வருஷம் எல்லா காலேஜ்லயும் ஒரு டீமாவது 'வயர்லெஸ் நர்ஸ் கால் சிஸ்டம்' பண்றீங்க. அஞ்சு பட்டன், எல்.சி.டி. டிஸ்ப்ளே, எஸ்.எம்.எஸ். அலர்ட்னு கலக்கறீங்க. தண்ணிக்கு ஒரு பட்டன், வலிக்கு ஒரு பட்டன்னு பிரிச்சது நிஜமாவே நல்ல விஷயம், அந்த ஒரு பிட் பிரச்னைக்கு அது மருந்து. ஆனா ப்ளாக் டயக்ராம்ல 'ரிசீவர்'னு ஒரு டப்பா போட்டிருக்கீங்களே, வைவாவுல எக்ஸ்டர்னல் அதைக் காட்டி, 'ராத்திரி ரெண்டு மணிக்கு இங்கே எத்தனை பேர் இருப்பாங்க?'னு கேட்டா என்ன சொல்லப் போறீங்க?