சிரிப்பும் செபமும்



சில திங்களுக்கு முன் ஒரு ஞாயிறன்று, இரண்டாம் திருப்பலி முடிந்து நான் திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்த வேளையில், திருப்பண்ட அறையின் வாசலில் நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் வந்து நின்றார். அமெரிக்காவில் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்து அப்போதுதான் ஊர் திரும்பியவர். நலம் விசாரித்தேன். விடையாக வந்தது கண்ணீர்.

நடந்தது இதுதான். ஒருநாள் இரவு உணவுக்கு எல்லாரும் அமர்ந்திருந்தனர். "தம்பி, இன்று நீ செபம் சொல்" என்று பத்து வயதுப் பேரனிடம் பாட்டி கூறினார். பேரன் கைகளைக் குவித்தான், கண்களை மூடினான். பிறகு, இந்த உணவுக்கெல்லாம் நாங்களே பணம் கொடுத்துவிட்டோம், ஆகையால் உமக்கு நன்றி சொல்வதற்கு ஒன்றுமில்லை என்ற பொருள்பட ஆண்டவரிடமே ஆங்கிலத்தில் சொல்லி முடித்தான். மருமகன் வாய்விட்டுச் சிரித்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை, சாமி" என்றார் அந்தத் தாய்.

பையன் அதைத் தானாகச் சொல்லவில்லை. 'தி சிம்ப்சன்ஸ்' என்னும் கார்ட்டூன் தொடரில் வரும் பார்ட் என்ற சிறுவன் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னானாம். "அது வெறும் நகைச்சுவை, அத்தை. அந்தத் தொடரை ரோமாபுரியின் செய்தித்தாளே பாராட்டியிருக்கிறது" என்று மருமகன் சமாதானம் கூறினாராம். "பாராட்டியது உண்மையா, சாமி? உண்மையானால் நான் அழுதது தவறா?" இதுவே அத்தாயின் கேள்வி.

என்னால் உடனே விடை கூற இயலவில்லை. காரணத்தை மறைப்பானேன்? சில ஆண்டுகளுக்கு முன் மறையுரை ஒன்றில் இதே தொடரைப் பெயர் சொல்லிக் கண்டித்தவன் நான். அதில் ஒரு காட்சியையேனும் கண்டிராமலே கண்டித்தேன். "சற்றுப் பொறுங்கள், அம்மா, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று அவரை அனுப்பிவிட்டு, இளைஞர் மன்றத்துத் தம்பி ஒருவரின் துணையோடு பல மாலைகள் அமர்ந்து பார்த்தேன், இதைக் குறித்து எழுதப்பட்டவற்றையும் தேடிப் படித்தேன். அவ்வாறு அறிந்தவற்றையே இத்திங்கள் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மேட் கிரேனிங் என்ற ஓவியரின் படைப்பு இது. 1987இல் வேறொரு நிகழ்ச்சியின் இடையே வரும் சிறு துணுக்குகளாகத் தொடங்கி, 1989 டிசம்பர் 17 முதல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தனித் தொடராகி, 35 ஆண்டுகளைக் கடந்துவிட்டது. ஸ்பிரிங்ஃபீல்ட் என்னும் கற்பனை ஊரில் அணுமின் நிலையத்தில் வேலை செய்யும் ஹோமர், சோம்பலும் பெருந்தீனியும் நிறைந்த குடும்பத் தலைவன். மனைவி மார்ஜ் பொறுமைசாலி. துடுக்கு மகன் பார்ட், அறிவுக்கூர்மை மிக்க மகள் லிசா, கைக்குழந்தை மேகி ஆகியோர் பிள்ளைகள்.

தொடக்கம் முதலே இதற்கு எதிர்ப்பு உண்டு. 1990இல் பார்ட்டின் உருவம் பொறித்த சட்டைகளை அமெரிக்கப் பள்ளிகள் சில தடை செய்தன. படிப்பில் பின்தங்குவதையே பெருமையாகச் சொல்லும் வாசகம் அவற்றில் இருந்தது. குடியரசுத் தலைவரின் மனைவி பார்பரா புஷ் அம்மையார் அவ்வாண்டில் இத்தொடரை அறிவற்றது எனக் குறைகூறினார். தயாரிப்பாளர்கள் மார்ஜ் எழுதுவதுபோலப் பணிவான மடல் ஒன்றை அவருக்கு அனுப்பினர். அம்மையார் வருத்தம் தெரிவித்து விடை எழுதினார். ஆனால் அவருடைய கணவர் 1992 ஜனவரி 27 அன்று கிறிஸ்தவ ஒலிபரப்பாளர்களின் மாநாட்டில் பேசுகையில், அமெரிக்கக் குடும்பங்கள் சிம்ப்சன் குடும்பத்தைப் போலன்றி வால்டன் குடும்பத்தைப் போல விளங்கவேண்டும் என்றார். 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வறுமையிலும் அன்பாக வாழ்ந்த குடும்பத்தின் கதை 'தி வால்டன்ஸ்'. மூன்றே நாளில் பார்ட் திரையில் தோன்றி, நாங்களும் வால்டன் குடும்பத்தாரைப் போலத்தான், பொருளாதார வீழ்ச்சி நீங்கவேண்டுமென்று நாங்களும் செபித்துக்கொண்டிருக்கிறோம் என்று மறுமொழி கூறினான்! நாட்டில் வேலையின்மை வாட்டிய காலம் அது.

கத்தோலிக்கர்களுக்கும் மனத்தாங்கல் உண்டு. 1999 ஜனவரி 31 அன்று வெளியான பகுதியில், திருச்சபைக்கு ஆள் சேர்க்கும் கவர்ச்சி விளம்பரம்போல் ஒரு காட்சி வந்தது. கத்தோலிக்க அமைப்பினர் எதிர்த்தனர். மறு ஒளிபரப்பில் 'கத்தோலிக்க' என்ற சொல் நீக்கப்பட்டது. அந்த எதிர்ப்பை நான் குறைகூறமாட்டேன். தன் தாயைப் பழித்தால் மகனுக்கு நோகாதா?

இனி மறுபக்கம். மார்க் பின்ஸ்கி என்ற யூதப் பத்திரிகையாளர் தம் பிள்ளைகளோடு அமர்ந்து இத்தொடரைப் பார்க்கத் தொடங்கினார். இதில் செபமும் கோவிலும் மனச்சான்றும் இவ்வளவு இடம்பெறுகின்றனவே என்று வியந்து, 2001இல் ஒரு நூலே எழுதினார். உண்மைதான். சிம்ப்சன் குடும்பம் ஞாயிறுதோறும் கோவிலுக்குச் செல்கிறது, உண்ணுமுன் செபிக்கிறது. தொலைக்காட்சிக் குடும்பங்களுள் இது அரிதன்றோ?

வத்திக்கான் நாளிதழான 'லொசர்வத்தோரே ரொமானோ' 2009 டிசம்பரில் இத்தொடரின் இருபதாண்டு நிறைவையொட்டிப் பாராட்டுக் கட்டுரை வெளியிட்டது உண்மையே. ஆயினும் இதிலுள்ள கரடுமுரடான பேச்சையும் வன்முறையையும் அக்கட்டுரை சுட்டாமல் விடவில்லை. 2010 அக்டோபரில் அதே இதழ், இயேசு சபைக் குரு ஒருவரின் ஆய்வை எடுத்துக்காட்டி, ஹோமரும் பார்ட்டும் கத்தோலிக்கரே என்று தலைப்பிட்டது. அக்குரு ஆராய்ந்தது 2005இல் வெளியான ஒரு பகுதியை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட பார்ட் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்கிறான். நல்ல குரு ஒருவரால் கவரப்படுகிறான். தந்தையும் மகனும் மனம் மாற விழைகின்றனர். ஆனால் தொடரின் தயாரிப்பாளரோ, இல்லை, அவர்கள் கத்தோலிக்கர் அல்லர் என்று மறுத்துவிட்டார். செய்தித்தாளின் கட்டுரை திருச்சபையின் போதனையன்று என்பதையும் நாம் மறத்தலாகாது. ஒருவர் பாராட்டினார் என்பதற்காக வீட்டுக் கதவை அகலத் திறப்பதும், ஒருவர் கண்டித்தார் என்பதற்காகப் பாராமலே பழிப்பதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள். இரண்டாவது முகம் என்னுடையதாக இருந்தது.

நான் கண்டவற்றுள் இரண்டைச் சொல்கிறேன். 1992இல் வெளியான ஒரு பகுதியில், குளிர்மிக்க ஞாயிறன்று ஹோமர் கோவிலுக்குப் போக மறுக்கிறான். வீட்டிலிருந்தபடியே கடவுளை வழிபடுவேன் என்கிறான். பின்னொரு ஞாயிறு, சுருட்டுப் புகைத்தவாறே உறங்கிவிட, வீடு தீப்பற்றுகிறது. அவனை உயிரைப் பணயம் வைத்து மீட்பவர் யார்? அவன் நாள்தோறும் எள்ளி நகையாடும் பக்திமானாகிய அண்டை வீட்டார் ஃபிளாண்டர்ஸ். தீயணைக்க ஓடிவந்தவர்களில் யூதரும் இந்துவும் உண்டு. அந்த நல்ல உள்ளங்களில் கடவுள் செயலாற்றினார் என்று போதகர் லவ்ஜாய் விளக்குகிறார். மறு ஞாயிறு ஹோமர் முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறான். குறட்டை விட்டு உறங்குகிறான்! என்னுடைய மறையுரையின்போது தூண் மறைவில் அமர்வோர் சிலரை நினைத்துக்கொண்டேன். அந்தக் கேலி என் மேல்தான் விழுந்தது. தகுதியான இடத்தில்தான் விழுந்தது.

1995இல் வந்த மற்றொன்றில், ஆன்மா என்று ஒன்றில்லை என வாதிடும் பார்ட், தன் ஆன்மாவைத் தாளில் எழுதி நண்பனுக்கு 5 டாலருக்கு விற்றுவிடுகிறான். பிறகு எதிலும் அவனுக்கு உயிர்ப்பில்லை, சிரிப்பும் வருவதில்லை. முடிவில் மண்டியிட்டுச் செபிக்கிறான். தங்கை லிசா தன் உண்டியல் காசைக் கொடுத்து அதை மீட்டுத் தருகிறாள். உலகம் முழுவதையும் ஆதாயமாக்கினாலும் ஆன்மாவை இழந்தால் பயனென்ன என்னும் நம் ஆண்டவரின் கேள்வியைச் சிறுவர்க்கு இதைவிட எளிதாக நான் விளக்கியதில்லை.

அப்படியாயின் எல்லாம் நன்றுதானா? இல்லை. தந்தை மகனின் கழுத்தை நெரிப்பது இத்தொடரில் பல்லாண்டுகளாகத் திரும்பத் திரும்ப வந்த ஒரு சிரிப்பு. அடிவாங்கும் குழந்தைகளை அறிந்த குருவாகிய என்னால் அதற்குச் சிரிக்க இயலவில்லை.

நகைப்பை அளக்க நமக்கு ஓர் அளவுகோல் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமாஸ் அக்குவினாஸ், விளையாட்டும் நகைச்சுவையும் களைத்த உள்ளத்துக்குத் தேவையான இளைப்பாறுதல் என்கிறார். அளவான நகைச்சுவையை நற்பண்புகளுள் ஒன்றாகவே வைக்கிறார். ஆனால் மூன்றைக் கவனிக்கச் சொல்கிறார். இழிவானதிலும் பிறருக்குத் தீங்கிழைப்பதிலும் இன்பம் காணலாகாது, உள்ளம் நிலைகுலையலாகாது, ஆளுக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் அது பொருந்தவேண்டும். ஏளனங்களுள் மிகக் கொடியது இறைவனை ஏளனம் செய்வது, அதற்கு அடுத்தது பெற்றோரை ஏளனம் செய்வது என்றும் அவர் எச்சரிக்கிறார். பொய்த்தெய்வத்தின் குருக்களைப் பார்த்து இறைவாக்கினர் எலியா நகைத்தார். முள்முடி சூடிய ஆண்டவரைப் பார்த்துப் படைவீரர்களும் நகைத்தனர். இரண்டும் சிரிப்புத்தான். ஆனால் ஒன்று பொய்யைச் சுட்டது. மற்றது உண்மையைச் சிலுவையில் அறைந்தது.

இப்போது அந்த உணவு மேசைக்குத் திரும்புவோம். பேரன் திருப்பிச் சொன்ன செபம் 1990 நவம்பரில் வெளியான பகுதியில் வருகிறது. அதையும் தேடிப் பார்த்தேன். அணுமின் நிலையத்தின் செல்வமிக்க உரிமையாளர் ஆளுநர் தேர்தலில் நிற்கிறார். எளியோர் வீட்டில் உண்பவர் என்று காட்டிக்கொள்வதற்காக, ஒளிப்படக்காரர்கள் சூழ ஹோமர் வீட்டுக்கு விருந்துக்கு வருகிறார். அந்தப் பொய் விருந்தில்தான் சிறுவன் அப்படிச் செபிக்கிறான். முடிவில், அவருடைய ஆலைக் கழிவால் மூன்று கண்ணோடு பிறந்த மீனையே மார்ஜ் சமைத்துப் பரிமாற, விழுங்க மாட்டாமல் அவர் துப்புகிறார், தேர்தலிலும் தோற்கிறார். வாக்குக்காக நடிக்கப்பட்ட பக்தியைத் தோலுரிப்பதே கதை.

ஆகவே மருமகன் சொன்னதில் உண்மை உண்டு: கதையின் நோக்கம் கடவுளை இகழ்வதன்று. பாட்டியின் கண்ணீரிலும் உண்மை உண்டு: கதையின் நோக்கம் பத்து வயதுப் பிள்ளையின் நினைவில் தங்கவில்லை, துடுக்குச் சொல் மட்டுமே தங்கியது. அது பொருந்தாத ஆளிடம், பொருந்தாத இடத்தில், மெய்யாகவே செபிக்க விரும்பிய ஒருவரின் முன்னிலையில் சொல்லப்பட்டது.

இத்தனையும் எடுத்துரைத்த பின், அத்தாயிடம் நான் ஒன்று கேட்டேன்: "அம்மா, நீங்கள் போவதற்கு முன் அந்த மேசையில் யார் செபம் சொல்வார்கள்?" அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "யாரும் சொல்வதில்லை, சாமி" என்றார்.

பெற்றோர்களே, சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அந்தப் பிள்ளை கேலிச் செபத்தைக் கேட்டதைக் காட்டிலும், அதைத் தவிர வேறு செபம் எதையும் தன் வீட்டு மேசையில் கேட்டிராததே எனக்குப் பெருந்துயரம். எல்லாவற்றையும் நாமே சம்பாதித்தோம், எவருக்கும் கடனில்லை என்று வாயால் சொன்னவன் பார்ட். சொல்லாமலே அப்படி வாழும் வீடுகள் அமெரிக்காவில் மட்டுமா உள்ளன? நம் பங்கில் இல்லையா?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் சமூகத் தொடர்புச் சாதனங்களைக் குறித்து வெளியிட்ட ஆணையில், வீட்டுக்குள் நுழைவனவற்றை விழிப்போடு காப்பது பெற்றோரின் கடமை என்றது. பார்த்தவற்றைக் குறித்து இளையோர் பெரியோருடன் கலந்துபேசவும் வேண்டியது. காவல் ஒன்று, உரையாடல் மற்றொன்று. இரண்டும் வேண்டும். இத்தொடர் சிறு குழந்தைகளுக்கு உரியதன்று. கார்ட்டூன் என்ற பெயரை நம்பிக் கைப்பேசியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். வளர்ந்த பிள்ளைகள் பார்த்தால் அருகில் அமருங்கள். சிரிக்கத் தகுந்ததற்கு அவர்களோடு சிரியுங்கள். பிறகு, யாரைப் பார்த்துச் சிரித்தோம், ஏன் சிரித்தோம் என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கேலிச் செபம் காதில் விழுமுன் மெய்யான செபம் விழட்டும்.

அத்தாய்க்கு நான் சொன்னது இவ்வளவே: "பேரனைக் கடிந்துகொள்ள வேண்டாம். அந்த உணவுக்கு யார் யாருக்கெல்லாம் பணம் கொடுத்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள்."

சென்ற ஞாயிறு அவர் மறுபடியும் வந்தார். கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசியபோது கேட்டாராம். கடைக்காரர், லாரி ஓட்டுநர், உழவர் என்று பேரன் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனானாம். உழவருக்குப் பிறகு யார் என்று பாட்டி கேட்க, சற்று யோசித்து, "மழைக்கு யார் பாட்டி பணம் கொடுத்தது?" என்றானாம். பாட்டி விடை சொல்லவில்லை. அருகிலிருந்த மருமகன், "அதற்குத்தான் நாம் செபம் சொல்லவேண்டும்" என்று மெல்லக் கூறினாராம்.

அன்று அம்மேசையில் செபம் சொல்லப்பட்டதா என்று நான் கேட்கவில்லை. இன்றிரவு உங்கள் மேசையில் சொல்லப்படுமா? அடுத்த திங்கள் சந்திப்போம். ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.