ஓடுகிற லாரியும் எழுதாத கணக்கும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதவியல்)

"யானையைக் கட்டித் தீனி போடுவது" என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. லாரி வைத்திருக்கும் வீட்டில் பிறந்தவனுக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. யானையாவது பசித்தால்தான் தின்னும். லாரியோ நின்றாலும் தின்னும், ஓடினாலும் தின்னும்!

என் தாத்தா மாட்டு வண்டியில் நெல் மூட்டை ஏற்றியவர். என் தந்தை எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கிளீனராக லாரி ஏறி, டிரைவராகி, பிறகு ஒரு பழைய லாரிக்கு உரிமையாளர் ஆனவர். இன்று பெரியப்பா, அப்பா, சித்தப்பா ஆகிய மூவருக்கும் சேர்த்து மூன்று லாரிகள் இருக்கின்றன. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வகுப்பறையில் தொகையீடும் வகையீடும் போடுகிறேன். ஆனால் எங்கள் மூன்று லாரிகளும் இலாபத்தில் ஓடுகின்றனவா, நஷ்டத்தில் ஓடுகின்றனவா என்று கேட்டால் எனக்கு மட்டுமல்ல, வீட்டில் எவருக்கும் விடை தெரியவில்லை.

இப்போது நான்காவது லாரி வாங்கும் பேச்சு நடக்கிறது. செங்கம் சாலைப் பக்கம் இருக்கும் ஒன்றரை ஏக்கர் நிலத்தை ஈடு வைப்பதாகத் திட்டம். "வேண்டாம்" என்று சொன்ன ஒரே ஆள் நான். ஏன் சொன்னேன் என்பதை இங்கே எழுதுகிறேன். லாரி வீட்டுப் பிள்ளைகள் இக்கல்லூரியில் பலர் உண்டு. அவர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

முதலில் எங்கள் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். குடும்பத் தொழிலில் நம்பிக்கைக்குப் பஞ்சமில்லை. ஆரணி, களம்பூர் அரிசி ஆலைகளில் எங்கள் லாரியை எடை போட்டு ஏற்றிவிட்டால் மூட்டை குறையாமல் போய்ச் சேரும் என்று அறிவார்கள். நடுவழியில் பழுது என்றால் சித்தப்பா நள்ளிரவிலும் சாவிக்கட்டோடு கிளம்புவார். ஊரின் இருப்பிடமும் நமக்கு உதவுகிறது. கிருஷ்ணகிரியிலிருந்து திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையும், வேலூரிலிருந்து விழுப்புரம் வழியாகத் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையும் திருவண்ணாமலையில்தான் சந்திக்கின்றன. சென்னையும் பெங்களூரும் ஏறக்குறைய ஒரே தொலைவு. பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் லாரிகளைத் திருப்பிவிடும் நாட்கள் போக, மற்ற நாட்களில் நான்கு திசையும் நமக்குத் திறந்தே இருக்கிறது.

அப்படியானால் குறை எங்கே? டீசல் விலை, சுங்கச்சாவடி, காப்பீட்டுத் தொகை என்று பெரியவர்கள் அடுக்குவார்கள். அவை பொய்யல்ல. ஆனால் அவை எல்லா லாரிக்காரர்களுக்கும் பொது. எங்களுக்கே உரிய குறை வேறு. அதை மூன்றாகப் பிரிக்கிறேன்.

முதலாவது, வீட்டுப் பணமும் தொழில் பணமும் ஒரே பெட்டியில் கிடப்பது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமணச் செலவும் இரண்டாவது லாரியின் காப்பீட்டுத் தொகையும் ஒரே மாதத்தில் வந்தன. திருமணம் நடந்தது, லாரி நின்றது. நாற்பது நாள் ஷெட்டில் நின்ற லாரிக்கும் மாதத் தவணை கட்டினோம். ஆலைக்காரர் எத்தனை நாள் பொறுப்பார்? லோடு வேறு லாரிக்குப் போயிற்று. பதினொரு ஆண்டு எங்களோடு இருந்த டிரைவர் அண்ணனும் வேறிடம் போனார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். "நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி" என்று சோறு போட்டோம். ஆனால் மாதச் சம்பளம் என்று ஒன்றை நிலையாக வைத்தோமா? 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்துக்கு வரம்பு கட்டியிருந்தது. அந்த அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்த நேரத்தை எவரும் எண்ணவில்லை.

இரண்டாவது, தேய்மானத்தைக் கணக்கில் சேர்க்காமை. 30 லட்சம் ரூபாய்க்கு ஒரு லாரி வாங்கிப் பத்தாண்டு ஓட்டி 8 லட்சத்துக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். 22 லட்சம் தேய்ந்துபோயிற்று. 120 மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 18,333 ரூபாய். டீசல், பேட்டா, டோல், டயர் எல்லாம் போகக் கையில் 20,000 நின்றால் "இந்த மாதம் பரவாயில்லை" என்கிறோம். உண்மையில் நின்றது 1,667 ரூபாய்தான்! மீதியெல்லாம் லாரியின் உடம்பிலிருந்து அறுத்தெடுத்தது. பத்தாண்டு கழித்துப் புது லாரி வாங்கக் கையில் காசில்லாமல் நிலத்தை ஈடு வைக்கப் போவதன் இரகசியம் இதுதான்.

மூன்றாவது, திரும்பி வரும் லோடு. பெங்களூர் போய்வர ஏறக்குறைய 400 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடினால் 100 லிட்டர் டீசல். காலியாகத் திரும்பினால் அந்த 100 லிட்டரும் ஒரே லோடின் தலையில் விழுகிறது. திரும்பும் லோடுக்காகப் புரோக்கர் வாசலில் இரண்டு நாள் காத்துக்கிடந்தால் டீசல் மிச்சம், நாள் நஷ்டம். எது மேல் என்பதைப் பயண வாரியாக எழுதி வைத்தால்தானே தெரியும்? கோடை விடுமுறையில் அப்பாவின் சட்டைப்பையிலிருந்த துண்டுச் சீட்டுகளை எல்லாம் திரட்டி ஒரு நோட்டில் எழுதினேன். மூன்று லாரிகளில் ஒன்று தன் செலவையே சம்பாதிக்கவில்லை என்று தெரிந்தது. வீட்டில் எல்லோரும் "ராசியான வண்டி" என்று கொண்டாடியது அதைத்தான்!

"கணக்குப் பார்த்தால் லாரி ஓட்ட முடியுமா?" என்று பெரியப்பா கேட்டார். சரக்கு வண்டிகள் பத்துக்கு மேற்படாதவர்கள் விரிவான கணக்குப் புத்தகம் இல்லாமலே மதிப்பீட்டு முறையில் வரி கட்ட வருமான வரிச் சட்டம் இடம் தருவதும் உண்மைதான். ஆனால் அது வரிக்காகத் தந்த சலுகை. அரசாங்கத்துக்குக் காட்ட வேண்டாத கணக்கை நமக்கு நாமே காட்டிக்கொள்ளவும் வேண்டாமா?

தமிழ்நாட்டில் கணக்கும் கட்டுப்பாடும் ஒரு போக்குவரத்துக் குடும்பத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தின என்பதற்குச் சான்று டி.வி.எஸ். திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911இல் தொழில் தொடங்கி, மதுரையை மையமாகக் கொண்டு பஸ் விட்டார். டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளலாம் என்று அந்நாளைய முதியவர்கள் பேசுவார்களாம். லாடத்து ஆணிகள் டயரைக் குத்தாமலிருக்கச் சாலையில் காந்தம் பொருத்திய வண்டியை ஓட்டி அவற்றைப் பொறுக்கியதாகவும் சொல்லப்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது வண்டியை நிறுத்திவிட்டு விதியை நோகவில்லை. வாயுவில் ஓடுவதற்கான கருவியைச் செய்தார்கள்.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பஸ்ஸை மட்டுமே அவர்கள் நம்பியிருக்கவில்லை. 1954இல் டி.எஸ். சந்தானம் சுந்தரம் ஃபைனான்ஸை 2 லட்சம் ரூபாய் மூலதனத்தில் தொடங்கினார். 1961இல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962இல் பிரேக்ஸ் இந்தியா என உதிரிபாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. ஆகவே 1972இல் பஸ்கள் அரசுடைமையாகி மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தபோது, பஸ் போயிற்று. குடும்பத் தொழில் போகவில்லை. நான்கு கிளைகளாகப் பெருகிய குடும்பம் 2020 டிசம்பரில் எழுத்து வடிவில் உடன்படிக்கை செய்து, 2022இல் நிறுவனங்களின் உரிமையைப் பிரித்துக்கொண்டது. பிரிவதற்கும் ஒரு முறை உண்டு என்பது அதில் நாம் காணும் பாடம். எங்கள் வீட்டிலோ எந்த லாரி யாருடையது என்பதற்கு ஆர்.சி. புத்தகத்தில் ஒரு விடை, மனத்தில் ஒரு விடை!

"அது கோடீசுவரர் கதை, நமக்கு ஏன்?" என்று கேட்கலாம். அப்படியானால் நாமக்கல்லைப் பாருங்கள். அங்கே லாரி வைத்திருப்பவர்கள் எல்லோரும் கோடீசுவரர்கள் அல்லர். ஆனால் பாடி கட்டும் பட்டறை, டயர் ரீட்ரேடிங், உதிரிபாகம், கடனுதவி எல்லாம் ஊருக்குள்ளேயே வளர்ந்தன. சமையல் எரிவாயு டேங்கர் போன்ற நிலையான ஒப்பந்த வேலைகளைச் சங்கமாகச் சேர்ந்து பேசுகிறார்கள். சிறியவர் தனியாக நின்றால் புரோக்கருக்கு இரை. சேர்ந்து நின்றால் அவரே ஒரு நிறுவனம். நம் மாவட்டத்து அரிசி லாரிகள் நாலைந்து பேர் கூடித் திரும்பும் லோடைப் பகிர்ந்துகொள்ளத் தடை என்ன?

ஆகவே என் கருத்து இது. நான்காவது லாரியை ஓராண்டு தள்ளி வையுங்கள். நட்டப்படும் வண்டியை விற்றுக் கடனைக் குறையுங்கள். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். அண்ணன் தம்பி மூவரும் மாதச் சம்பளம் எடுங்கள். அதற்கு மேல் திருமணமோ திருவிழாவோ, எழுதிக் கடனாக எடுங்கள். தேய்மானத் தொகையை மாதந்தோறும் தனியே போடுங்கள். டிரைவருக்கு நிலையான சம்பளமும் ஓய்வு நேரமும் தாருங்கள். பங்கு யாருக்கு எவ்வளவு என்பதை ஒற்றுமையாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

தோழர்களே, நம்மைப் படிக்க வைத்தவர்களுக்கு எழுதத் தெரியாமல் இருக்கலாம், உழைக்கத் தெரியும். அந்த உழைப்பு எங்கே கரைகிறது என்று காட்டுவது முதல் தலைமுறைப் பட்டதாரியின் கடமை அல்லவா? வேலை கிடைத்து வெளியூர் போகுமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தையாவது வீட்டில் விட்டுச் செல்வோம்.

இதை அச்சுக்குத் தருமுன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். நிலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பெங்களூர் போய்வந்த சீட்டுகளை என் மேசைமேல் வைத்திருந்தார். டீசல் எத்தனை லிட்டர், டோல் எவ்வளவு, திரும்பும்போது லோடு உண்டா இல்லையா என்று அவர் கையெழுத்திலேயே எழுதியிருந்தது.