வராத பிள்ளையிடம் யார் கேட்பது?

எங்கள் பீடத்தில் இறுதியாண்டு ஆய்வேடு ஒன்றை எடுத்து மூன்றாம் அத்தியாயத்தைப் பாருங்கள். 'எழுமாற்று மாதிரி' என்று எழுதியிருக்கும். பல நேரம் அது பொய். நாங்களும் அந்தப் பொய்யை எழுதியவர்கள்தான்.

தலைப்பு, பாடசாலை இடைவிலகலுக்கான காரணங்கள். வினாக்கொத்தோடு ஒரு பாடசாலைக்குப் போனோம். இடாப்பைக் கேட்டோம். அதிபர் சிரித்தார். "அதெல்லாம் எதுக்குத் தம்பி, நல்லாக் கதைக்கிற பிள்ளையளாப் பார்த்துத் தாறன்." முப்பது பேர் வந்தார்கள், பாதிப்பேரின் சட்டையில் மாணவத் தலைவர் சின்னம். வகுப்பாசிரியர் வரிசைகளுக்கிடையே நடந்துகொண்டிருந்தார். 'ஆசிரியர் அடிப்பதுண்டா?' என்ற கேள்விக்கு முப்பது பேரும் 'இல்லை'. அதையும் எஸ்.பி.எஸ்.எஸ்.ஸில் போட்டு நூறு வீதம் என்று அட்டவணை கீறினோம்!

அதிபரை மட்டும் குறை சொல்ல ஏலாது. வருசா வருசம் எங்களைப் போல ஆக்கள் வந்து வகுப்பைக் குழப்பிவிட்டுப் போகிறார்கள், முடிவைக் கொண்டுபோய்க் காட்டியவர் யார்?

ஆனால் பெரிய பிழை அதுவல்ல. இடைவிலகலைப் பற்றி நாங்கள் கேட்டது இடைவிலகாத பிள்ளைகளிடம். 1000 பேருக்கு 278 பேர் என்று 1970ஆம் ஆண்டின் கிரெஜ்சி-மோர்கன் அட்டவணையைக் காட்டினால் மேற்பார்வையாளர் தலையாட்டுவார். அந்த அட்டவணை எத்தனை பேர் என்றுதான் சொல்லும், யார் என்று சொல்லாது. 278 பேரும் வகுப்பில் இருக்கிறவர்கள் என்றால், மீன்வாடியில் நிற்கிறவனும் தம்பியைப் பார்க்க வீட்டில் நிற்கிறவளும் கணக்கிலேயே இல்லை. 16 வயதுவரை கட்டாயக் கல்வி என்று சட்டம் வேறு இருக்கிறது.

பாடசாலையைத் தெரிவதும் இப்படித்தான். பஸ் போகிற பாதையில் உள்ள 1ஏபி பாடசாலை. தரம் 11உடன் முடிகிற வகை 2, ஆரம்ப வகுப்புகளோடு நிற்கிற வகை 3 பாடசாலைகளுக்கு யார் போகிறோம்? பிறகு தலைப்பில் மாவட்டத்தின் பெயரைப் போடுகிறோம்.

வேறு வழி இல்லாமல் இல்லை. ஐந்து வருசத்துக்கு முந்திய தரம் 6 இடாப்பை எடுத்து, அதிலிருந்து பெயர்களை எழுமாற்றாகத் தெரிந்து, அந்தப் பிள்ளைகள் இப்ப எங்கே என்று வீடு வீடாகத் தேடலாம். சிலர் வேறு பாடசாலைக்கு மாறியிருப்பார்கள், சிலர் கிடைக்கவே மாட்டார்கள். பஸ் காசு போகும், நாள் போகும். 'மாதிரி போதாது' என்று புள்ளியும் குறையும். அதுக்குப் பயந்துதான் நாங்கள் அதைச் செய்யவில்லை.

அடுத்த பிரிவுக்காரர் அதையாவது செய்யுங்கோ. முடியாவிட்டால், 'மாதிரியை அதிபர் தெரிந்து தந்தார்' என்று மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வரி எழுதுங்கோ.