எல்லையும் இல்லமும்

நுழையும்முன்
நாட்டின் எல்லையைக் காக்கும் வீரரைப் போற்றுகிறோம். அவருடைய வீட்டாரும் நாள்தோறும் ஒரு பிரிவைத் தாங்கி வாழ்கின்றனர் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. தொலைவில் பணிபுரிவோருடன் உறவை எவ்வாறு பேணுவது? இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

சொல் வராத காலம்
பத்துப்பாட்டுள் மிகச் சிறியது நப்பூதனார் இயற்றிய முல்லைப்பாட்டு. 103 அடிகளைக் கொண்ட இப்பாட்டில் போருக்குச் சென்ற தலைவனிடமிருந்து தலைவிக்கு ஒரு சொல்லும் வருவதில்லை. ஆகவே, முதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று விரிச்சி கேட்கின்றனர். கன்றைத் தேற்றும் ஆயர்மகளின் சொல்லையே நற்சொல்லாகக் கொண்டுவந்து உரைக்கின்றனர். தலைவியின் துயரம் அதனால் தணியவில்லை. அங்கே பாசறையில் தலைவனும், புண்பட்ட யானைகளையும் உயிர்நீத்த வீரரையும் நினைந்து உறக்கமின்றி இருக்கிறான். இருவருக்கும் இடையே செய்தி செல்ல வழியில்லை. பிரிவினும் கொடியது செய்தியின்மை என்பதை இப்பாட்டு உணர்த்துகிறது.

கடிதம் சுமந்த உறவு
முதல் உலகப்போரின்போது, 1914ஆம் ஆண்டில் இந்தியப் படைவீரர்கள் பிரான்சு நாட்டுப் போர்க்களங்களுக்கு அனுப்பப்பட்டனர். எழுத்தறியாத வீரர் பலர், எழுதத் தெரிந்தவரிடம் சொல்லி வீட்டிற்குக் கடிதம் எழுதச் செய்தனர். தணிக்கை அலுவலர் அக்கடிதங்களைப் படித்த பின்னரே அவை ஊர் வந்து சேர்ந்தன. பிறர் எழுதி, பிறர் படித்து வந்த கடிதமாயினும் வீட்டார்க்கு அதுவே அவர் உயிரோடிருப்பதன் சான்றாக இருந்தது.

விடுதலைக்குப் பின்னும் கடிதமே பாலமாக விளங்கியது. வீரருக்கு எழுதும் முகவரியில் அவர் இருக்கும் ஊரின் பெயர் இராது. எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றுடன் '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' என்று மட்டுமே எழுதுவர். மகன் பனிமலையில் இருக்கிறானா, பாலைவனத்தில் இருக்கிறானா என்று அறியாமலேயே தாய் கடிதம் எழுதுவாள். இராணுவ அஞ்சல் பணி அதனை உரிய இடத்தில் சேர்க்கும்.

தெரியுமா?
அஞ்சல் குறியீட்டு எண் முறை 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்தது. இதில் 9 என்னும் முதல் இலக்கம் இராணுவ அஞ்சல் பணிக்கு உரியது.

பேச்சு பெருகியது, செய்தி குறைந்தது
இன்று நிலை மாறிவிட்டது. கைப்பேசியில் முகம் பார்த்தே பேசலாம். ஆயினும் பல வீடுகளில் உரையாடல், "சாப்பிட்டாயா? பணம் வந்ததா? விடுப்பு எப்போது?" என்னும் மூன்று வினாக்களில் முடிந்துவிடுகிறது. நாள்தோறும் பேசியும் ஒருவரையொருவர் அறியாத நிலை உண்டாகிறது. கருவி அருகில் வந்ததால் மனம் அருகில் வந்துவிட்டதாகக் கொள்ளுதல் கூடாது.

மறைப்பது அன்பாகுமா?
"எல்லையில் நிற்பவனிடம் வீட்டுத் துன்பத்தைச் சொல்லலாமா? கவனம் சிதறினால் அவனுக்கன்றோ தீங்கு?" என்பது பெரியோர் பலரின் கருத்து. இக்கருத்து அன்பினால் பிறந்தது. இதில் உண்மையும் உண்டு. சியாச்சின் பனிமலையில், கடல்மட்டத்திலிருந்து பதினெட்டாயிரம் அடிக்கும் மேலான காவல்நிலைகளில் நிற்பவரால் நினைத்தவுடன் புறப்பட்டு வர இயலாது.

எனினும், மறைத்தல் இதற்குத் தீர்வாகாது என்பதே எம் துணிபு. தந்தையின் நோயை மறைத்த வீடு, பின்னொரு நாள் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். அன்றுமுதல், "இங்கு எல்லாரும் நலம்" என்று சொல்லும்போதெல்லாம் வீரரின் உள்ளத்தில் ஐயம் எழும். அறிந்த துன்பத்தைவிட அறியாத துன்பமே மனத்தை மிகுதியாக அலைக்கழிக்கும். உரிய காலத்தில் அறிந்தால் மேலதிகாரியிடம் சொல்லி விடுப்புக் கோரவும் கூடும். காலம் கடந்தபின் அதற்கும் வழியில்லை.

ஆகவே சொல்ல வேண்டும்; ஆனால் சொல்லும் முறை அறிந்து சொல்ல வேண்டும். "அம்மாவுக்குக் காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் கவலையைக் கொடுத்தவராவோம். மருத்துவரிடம் காட்டியதையும், மருந்து கொடுப்பதையும், இரவில் துணையிருப்பவர் இன்னார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அதே செய்தி ஆறுதலாகும். பணிக்குப் புறப்படும் நேரம் பார்த்துச் சொல்லாமல், ஓய்வான வேளையில் சொல்லுதல் நன்று. குடும்பத்தின் சிக்கல்களைத் தீர்க்க மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை நாடலாம் என்பதையும் வீட்டார் அறிந்திருத்தல் வேண்டும்.

சிறு செய்தியின் பெருமை
துன்பம் மட்டுமே செய்தியன்று. வேப்பமரம் பூத்தது, கிணற்றில் நீர் ஊறியது, தங்கை மிதிவண்டி ஓட்டப் பழகியது ஆகிய சிறு நிகழ்ச்சிகளே வீரரை வீட்டினுள் வைத்திருப்பவை. இவற்றை அறியாதவர், விடுப்பில் வரும்போது சொந்த வீட்டிலேயே விருந்தினராகிவிடுவார். மகளின் பள்ளி, வயலின் சாகுபடி ஆகியவற்றைக் குறித்து அவருடைய கருத்தையும் கேட்டு முடிவெடுக்கும் வீட்டில், அவருடைய இடம் வெறுமையாவதில்லை.

காக்க வேண்டிய எல்லை
உறவுக்கும் ஒரு காவல் வேண்டும். வீரர் இருக்கும் இடத்தையும் படை நகர்வையும் கேட்டறிதல் கூடாது; அறிந்தாலும் சமூக ஊடகங்களில் வெளியிடல் ஆகாது. 2020ஆம் ஆண்டு சூலையில் இந்திய இராணுவம் முகநூல் உள்ளிட்ட 89 செயலிகளைத் தன் வீரர்கள் கைப்பேசியிலிருந்து நீக்குமாறு பணித்தது இக்காரணம் பற்றியே. அழைப்பு வாராத நாள்கள் உண்டு என்பதை முன்னரே பேசி வைத்துக்கொண்டால், அமைதியைத் தீமையின் அறிகுறியாகக் கொண்டு வருந்த நேராது. வதந்திகளை நம்பாது, முறையான அறிவிப்பை மட்டுமே நம்ப வேண்டும்.

மாணவர்களே! உங்கள் தந்தையோ தமையனோ தமக்கையோ படையில் இருப்பின், திங்களுக்கு ஒரு கடிதமேனும் உங்கள் கையால் எழுதுங்கள். கைப்பேசியில் பேசிய சொல் அன்றே மறைந்துவிடும். சட்டைப்பையில் மடித்து வைத்த கடிதத்தை, அலைவரிசை எட்டாத இடத்திலும் அவர் மீண்டும் மீண்டும் படிக்கலாம். நாட்டைக் காப்பவருக்கு வீட்டை நினைவூட்டும் பொறுப்பு உங்களுடையது.