சீருடை அணியாத கடற்படை

இறம்பொடையில் மலையினின்று வீழும் நீர் எங்கே போகிறது என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், "கொத்மலைக்கு" என்று உடனே விடை வரும். அதற்கப்பால்? கொத்மலை ஓயாவோடு சேர்ந்து, மகாவலியிற் கலந்து, நெடுந்தூரம் ஓடி, ஈற்றில் திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக் குடாவில் அந்நீர் கடலைச் சேர்கிறது. கடலை ஒருநாளும் கண்டிராத தோட்டத்துப் பிள்ளைக்கும் கடலோடு இத்தகைய உறவு ஒன்று உண்டு. நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்தது கடல் கடந்து; நாம் பறிக்கும் கொழுந்து தேயிலையாகி உலகைச் சுற்றுவதும் கப்பலேறியே. ஆதலின் கடலில் உழைத்துப் பிழைப்போரைப் பற்றி இவ்வாரம் பேசுவது மலைநாட்டு வாசகர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது என நம்புகிறேன்.

கடற்படை என்றதும் வெள்ளுடை தரித்த வீரரும் பீரங்கிகளுமே நம் கண்முன் தோன்றுகின்றன. ஆனால் போர்க்கப்பல் எண்ணெய் இன்றி ஓடாது. அதிலுள்ளோர் உணவின்றி வாழார். குண்டு தீர்ந்த பீரங்கி வெறும் இரும்புக் குழாய்தான். இவற்றையெல்லாம் நடுக்கடலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர் யார்? பெரும்பாலும் சீருடை அணியாத மாலுமிகளே. அவர்கள் படைவீரரல்லர், சம்பளத்துக்கு வேலை செய்யும் சாதாரண குடிமக்கள்.

திருகோணமலைக்குச் சுற்றுலா போன மாணவர்கள் சீனன்குடாவில் உள்ள மாபெரும் எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்திருக்கலாம். பிரித்தானியர் தம் கடற்படைக்கெனக் கட்டியவை அவை. 101 தாங்கிகளுள் இன்று எஞ்சியிருப்பவை 99. 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆந் தேதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது தாங்கி ஒன்று எரிந்தழிந்தது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலும், அதற்குத் துணையாகச் சென்ற 'வாம்பயர்' என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பலும் மூழ்கடிக்கப்பட்டன. ஹேர்மிஸில் இருந்தோருள் 307 பேர் மாண்டனர். இவ்வளவும் பாடப் புத்தகங்களில் உண்டு. ஆனால் அதே நாளில், அதே கடலில், 'அதெல்ஸ்டேன்', 'பிரிட்டிஷ் சார்ஜண்ட்' என்ற இரண்டு எண்ணெய்க் கப்பல்களும் குண்டுக்கு இரையாயின என்பதை எத்தனை பேர் அறிவர்? போர்க்கப்பலை ஒரு விதமாகவும் எண்ணெய்க் கப்பலை வேறு விதமாகவும் குண்டு நடத்துவதில்லை. மனிதர் எழுதும் வரலாறும், மனிதர் எழுதும் சம்பளப் பேரேடும்தாம் அவ்வாறு நடத்துகின்றன.

பிரித்தானியா இவ்வேலைக்கென 1905-இல் ஒரு தனிச் சேவையை ஏற்படுத்தியது. 'றோயல் துணைக் கப்பற்படை' என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். கப்பல்கள் அரசாங்கத்துடையவை, மாலுமிகளோ வர்த்தகக் கப்பல்களில் உள்ளோரைப் போன்ற சிவிலியன்கள். அவர்களுடைய வேலையின் கடினத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். எண்ணெய்க் கப்பலும் போர்க்கப்பலும் அருகருகே, ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இடையே கயிறு கட்டி, அதில் தொங்கும் குழாய் வழியாக எண்ணெய் பாயும். சுக்கானில் ஒரு சிறு பிழை நேர்ந்தாலும் கப்பல்கள் ஒன்றையொன்று மோதும். இதனை இரவிலும் செய்ய வேண்டும். அலை குமுறும்போதும் செய்ய வேண்டும். பகைவன் தேடிக்கொண்டிருக்கும்போதும் செய்ய வேண்டும்.

இவ்வேலைக்கு அன்று ஆசிய மாலுமிக்குக் கிடைத்த கூலி என்ன? பிரித்தானிய வர்த்தகக் கப்பல்களில் வேலை செய்த இந்திய மாலுமிகளை 'லஸ்கர்' என்று அழைத்தனர். சில்ஹெட், சிட்டகாங், கொங்கணக் கரை, கோவா முதலிய இடங்களிலிருந்து வந்த ஏழைகள் அவர்கள். இரு மகாயுத்தங்களிலும் அக்கப்பல்களே படைக்கும் பண்டத்துக்கும் வாகனமாயின. லஸ்கர்களுக்கென்று தனியான ஒப்பந்தப் பத்திரம் இருந்தது. அதன்படி அவர்கள் பெற்ற ஊதியம், அதே கப்பலில் வேலை செய்த வெள்ளைக்கார மாலுமியின் ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரையே. உறங்கும் இடத்திலும் இதே கணக்குத்தான். 1906-ஆம் ஆண்டுச் சட்டம் ஐரோப்பிய மாலுமிக்கு 120 கன அடி இடம் வழங்கியது. லஸ்கருக்கு இருந்ததோ 36 கன அடி. ஆறடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி உயரம் என்று பெருக்கிப் பாருங்கள், 36 வரும். அந்த அளவை எதற்கு ஒப்பிடுவது என்று நான் சொல்லவும் வேண்டுமோ? லயத்துக் காம்பராவின் நெருக்கத்தை அறிந்தவர்கள் நாம். நமக்கே மூச்சு முட்டுகிறது.

மற்றொரு செய்தியும் நமக்கு மிகவும் பழகியது. லஸ்கர்களைத் திரட்டிக் கப்பலேற்றியவன் 'சேராங்' எனப்பட்ட தலைவன். வேலை வேண்டுமானால் அவன் கையை நனைக்க வேண்டும். கடன்பட்டாவது நனைக்க வேண்டும். கப்பலில் அவன் சொல்லே சட்டம். இவன் யார்? கடலில் வாழ்ந்த தலைக்கங்காணி அன்றி வேறு யார்! தோட்டத்துத் தொழிலாளியைக் கடனோடு கட்டி, ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு மாற்றிய 'துண்டு' முறையை நம் பாட்டன்மார் அனுபவித்தனர். 1921-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழித்தது. மலையிலும் கடலிலும் ஒரே காலத்தில் ஒரே வகைக் கயிறு ஏழையைக் கட்டியிருந்தது என்பதே உண்மை.

1939-இல் இரண்டாவது மகாயுத்தம் மூண்டதும், பிரித்தானியத் துறைமுகங்களிலும் பேரரசின் வேறு துறைமுகங்களிலும் இருந்த இந்திய மாலுமிகள், சம்பளத்தை உயர்த்தாவிடில் கப்பலேறோம் என்று மறுத்தனர். யுத்த காலத்தில் மறுப்பதா என்று பலரைச் சிறையிலடைத்தனர். ஆயினும் மாலுமிகள் இன்றிக் கப்பல் நகரவில்லை, ஊதியம் உயர்த்தப்பட்டது. அதே யுத்தத்தின் தொடக்கத்தில், 1940-ஆம் ஆண்டு ஜனவரியில், முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின்போது கோவிந்தன் பொலிசாரின் குண்டுக்கு இரையானதை மலைநாடு மறக்கவில்லை. ஒருவரை ஒருவர் அறியாத இரு கூட்டத்தார் ஒரே கேள்வியையே கேட்டனர்: "எங்கள் உழைப்பு அவசியம் என்கிறீர்கள், அவசியமானதற்கு ஏன் இத்தனை மலிவான விலை?"

அந்த யுத்தம் முடிவதற்குள் ஏறத்தாழ 6,600 இந்திய மாலுமிகள் உயிரிழந்தனர். முதலாம் மகாயுத்தத்தில் மாண்டோருள், வங்காளத்தையும் அஸ்ஸாமையும் சேர்ந்த 896 லஸ்கர்களின் நினைவாகக் கல்கத்தாவில் கங்கைக் கரையில் ஒரு தூண் நிற்கிறது. 1924-இல் அது திறந்து வைக்கப்பட்டது. இறந்தபின் தூண் எழுப்பியவர்கள், இருந்தபோது இன்னும் சில கன அடி இடம் கொடுத்திருக்கலாகாதா?

"இவையெல்லாம் பழங்கதை, இன்று சட்டம் மாறிவிட்டதே" என்று சிலர் கூறுவர். மாறியிருப்பது உண்மை. 2006-இல் ஜெனீவாவில் நிறைவேறிய கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை மாலுமிகளின் உரிமைச் சாசனம் எனப் போற்றப்படுகிறது. 2013-இல் அது நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் இந்தியாவும் அதனை ஏற்றுள்ளன. நாளொன்றுக்குக் குறைந்தது 10 மணி நேரமும் வாரத்துக்கு 77 மணி நேரமும் ஓய்வு, எழுத்திலான ஒப்பந்தம், வேலை முடிந்தபின் முதலாளி செலவில் ஊர் திரும்பும் உரிமை முதலிய பல நன்மைகளை அது வழங்குகிறது. ஆனால் அதன் இரண்டாவது விதியில் ஒரு சிறு வாக்கியம் இருக்கிறது: போர்க்கப்பல்களுக்கும் கடற்படைத் துணைக் கப்பல்களுக்கும் இது பொருந்தாது என்பதே அதன் கருத்து. போர்க்கப்பலை விலக்கியது சரி. அங்குள்ளோர் படைவீரர், அவர்களுக்குப் படைச்சட்டமும் ஓய்வூதியமும் உண்டு. துணைக் கப்பலில் உள்ள சிவிலியன் மாலுமியோ அக்கரையிலும் இல்லை, இக்கரையிலும் இல்லை. தன் நாட்டுச் சட்டமும், தன் சங்கம் பேசிப் பெற்ற ஒப்பந்தமுமே அவனுக்குத் துணை. அவை நன்றாயிருந்தால் பிழைத்தான். இல்லையேல் சர்வதேசச் சாசனத்தைக் காட்டி அவன் வாதாட இயலாது.

இராணுவ இரகசியம் காக்கப்பட வேண்டாமா, அந்நியத் துறைமுக அதிகாரிகள் ஏறிச் சோதிக்க விடலாமா என்று அரசாங்கங்கள் கேட்கின்றன. நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு மாலுமி எத்தனை மணி நேரம் உறங்கினான், அவனுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, அவன் இறந்தால் மனைவிக்கு என்ன கிடைக்கும் என்பவற்றில் இராணுவ இரகசியம் எங்கே இருக்கிறது?

ஆபத்து மட்டும் விலக்கு அளிப்பதில்லை. 1982-இல் போக்லண்ட் தீவுப் போருக்குப் பிரித்தானியத் துணைக் கப்பல்கள் 22 சென்றன. ஜூன் 8-ஆந் தேதி 'சேர் கலஹாட்' என்ற துணைக் கப்பல் குண்டு வீச்சில் தீப்பற்றி 48 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் கப்பலிற் சென்ற படைவீரர், ஹொங்கொங்கைச் சேர்ந்த சீன மாலுமிகளும் அவர்களுள் அடங்குவர். அதே சேவையின் மாலுமிகள், பல்லாண்டுகளாகத் தம் ஊதியம் விலைவாசிக்கு ஈடு கொடுக்கவில்லை என்று 2024-இல் வேலைநிறுத்தம் செய்யும் நிலைக்கு வந்தனர். அவ்வாண்டே அமெரிக்கக் கடற்படையின் போக்குவரத்துப் பிரிவு, போதிய சிவிலியன் மாலுமிகள் இல்லாமையால் 17 துணைக் கப்பல்களை ஓரங்கட்டி, அவற்றின் ஆட்களை வேறு கப்பல்களுக்கு மாற்றத் திட்டமிட்டது. நீண்ட மாதங்கள் கடலில், குறைந்த நாட்கள் வீட்டில் என்ற வாழ்வை இளைஞர் விரும்பவில்லை. கோடி கோடியாகச் செலவிட்டுக் கட்டிய கப்பல்கள், அவற்றை ஓட்டுவோரின் குறையைக் கேளாமையால் கரையில் நிற்கின்றன. மலிவான உழைப்பு என்பது ஈற்றில் மலிவாக முடிவதில்லை.

இனி நம் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. மலைநாட்டிலிருந்தும் கடல் வேலையை நாடும் இளைஞர் உண்டு, நாடுவதும் நல்லதே. ஆனால் கையொப்பம் இடுமுன் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். கப்பல் எந்த நாட்டுக் கொடியின் கீழ் ஓடுகிறது? அது வர்த்தகக் கப்பலா, ஏதேனும் கடற்படையின் துணைக் கப்பலா? சம்பளம் கொடுக்கும் முதலாளி யார்: அரசாங்கமா, கம்பனியா, இடையிலுள்ள முகவரா? போர் நிகழும் கடலுக்குச் செல்ல நேர்ந்தால் மறுக்கும் உரிமை உண்டா? காயமோ மரணமோ நேர்ந்தால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்? வேலை வாங்கித் தருவதற்கென முகவர் பணம் கேட்டால், நான் முன்னர்ச் சொன்ன உடன்படிக்கை அதனைத் தடுக்கிறது என்பதையும் அறிந்திருங்கள். வைத்தியச் சான்று, கடவுச்சீட்டு, மாலுமிப் புத்தகம் போன்றவற்றின் செலவு மட்டுமே மாலுமியைச் சாரும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்வேன். மகன் கப்பலேறும் நாளில் திருநீறு பூசி வழியனுப்புங்கள். அதனோடு அவனுடைய ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றை வாங்கி வீட்டுப் பெட்டியிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். பள்ளி ஆசிரியரிடம் கொடுத்து வரிக்கு வரி பொருள் கேளுங்கள். வாசித்துச் சொல்ல ஆளில்லாமல் கைநாட்டு வைத்த காலத்தின் விலையை நம் வீட்டுப் பெரியோர் நன்கறிவர். இன்று நம் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். அப்படிப்பு முதலில் உதவ வேண்டிய இடம் அந்த ஒப்பந்தத் தாளே.