நோய் தணிந்த நாட்களின் கடமை

1898இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக், கண்டோன்மென்ட் பகுதியின் நெரிசலான குடியிருப்புகளில் ஏராளமான உயிர்களைப் பறித்தது. அந்தப் பேரழிவு கற்பித்த பாடத்திலிருந்து உருவானது பிரேசர் டவுன். 1906இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அன்று மைசூர் ரெசிடென்ட்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்கு இடப்பட்டது. நேரான தெருக்கள், காற்றும் வெளிச்சமும் புகும் வீடுகள், முறையான வடிகால் என ஒவ்வொன்றும் பிளேக்கை மனத்தில் கொண்டு திட்டமிடப்பட்டது. புலிகேசி நகர் என்று பின்னர் பெயர் மாறினாலும், அதன் தொடக்கம் சொல்லும் உண்மை மாறவில்லை: நோய் மீண்டும் வந்தால் எதிர்கொள்ளும் வலிமை, அது தணிந்திருக்கும் காலத்தில்தான் கட்டப்படுகிறது.

பைபோலார் எனப் பரவலாக அறியப்படும் இருமுனைக் கோளாற்றை எதிர்கொள்ளும் குடும்பங்களுக்கு இந்தப் பாடம் இன்னும் சென்று சேரவில்லை. வந்து தணிந்து மீண்டும் வருவது அந்நோயின் இயல்பு. மிகையெழுச்சி நிலையில் உறக்கம் குறைகிறது. பேச்சும் திட்டங்களும் பெருகுகின்றன. பணம் கணக்கின்றிச் செலவாகிறது. தனக்கு நோய் இருப்பதையே உணர முடியாமற்போகிறது. மனச்சோர்வு நிலையில் படுக்கையை விட்டு எழுவதே பெரும்பாடாகிறது; தற்கொலை எண்ணமும் தலைகாட்டலாம். இவ்விரண்டுக்கும் இடையில் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ நீளும் தெளிந்த காலம் பலருக்கும் உண்டு. குடும்பத்தின் கவனம் முழுவதும் இரு முனைகளின்மீது குவிந்திருக்க, அந்த இடைக்காலம் பேசப்படாமலே கழிந்துவிடுகிறது.

இப்பகுதியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். அண்ணன் நான்கு இரவுகளாக உறங்கவில்லை. மசூதி சாலையில் உணவகம் திறக்கப்போவதாகச் சொல்லிக் கடன் வாங்கி முன்பணம் கொடுத்துவிட்டான். தடுத்த தந்தை அவன் கண்ணுக்கு எதிரியாகிறார். மூன்று மாதம் கழித்து அதே அண்ணன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. இப்போது உறவினர் அவனைச் சோம்பேறி என்கின்றனர். சிகிச்சையால் அவன் தேறிய பின்னர் மூன்றாவது துன்பம் தொடங்குகிறது. அவன் சற்று உரக்கச் சிரித்தால், "மாத்திரை போட்டாயா?" என்று தாய் கேட்கிறார். புதுச் சட்டை வாங்கினால் தங்கை அச்சத்துடன் பார்க்கிறாள். அவனுடைய மகிழ்ச்சியும் கோபமும் நோயின் அறிகுறிகளாக மட்டுமே வாசிக்கப்படுகின்றன. அன்பினால் எழும் இந்தக் கண்காணிப்பே அவனை வீட்டிலிருந்தும் மருந்திலிருந்தும் விலகச் செய்யக்கூடும்.

உறவினர் ஓயாது குறை கூறுவதும், பகைமை காட்டுவதும், அளவு கடந்து தலையிடுவதும் நோய் மீள்வதோடு தொடர்புடையவை என்பதை ஆய்வுலகம் நெடுங்காலமாக அறியும். லண்டனில் ஜார்ஜ் பிரவுன் தொடங்கிய ஆய்வுகள் மனச்சிதைவு நோயாளிகளின் குடும்பங்களில் இதைக் கண்டன. பின்னர் இருமுனைக் கோளாற்றிலும் இத்தொடர்பு காணப்பட்டது. இந்த அடிப்படையில் அமெரிக்க உளவியலாளர் டேவிட் மிக்லோவிட்ஸும் அவருடன் பணியாற்றியோரும் வகுத்த குடும்பமையச் சிகிச்சை, ஏறத்தாழ ஒன்பது மாதங்களில் 21 அமர்வுகளாக நடைபெறுகிறது. நோயைப் பற்றிய அறிவு, பேசும் முறை, சிக்கல்களைத் தீர்க்கும் வழி ஆகியவை நோயருக்கும் குடும்பத்தாருக்கும் சேர்த்தே பயிற்றப்படுகின்றன. உடனிருப்பதையும் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். குருதி உறவு அதைத் தானாகத் தந்துவிடாது.

கற்க வேண்டியவை எளியவையே. ஒருவருக்கு முதலில் குறைவது உறக்கமா, கூடுவது பேச்சா, செலவா என்பதை அவரே தெளிந்த நாளில் சொல்லி எழுதிவைக்கலாம். அந்த அறிகுறி தோன்றினால் யார் சொன்னால் ஏற்பார், எந்த மருத்துவரை அழைப்பது, வங்கி அட்டையை யாரிடம் ஒப்படைப்பது என்பவற்றையும் அன்றே முடிவு செய்யலாம். லித்தியம் உட்கொள்வோருக்குக் குருதியில் அதன் அளவைச் சோதிப்பதும், உடலில் நீர் வற்றாமல் காப்பதும் இன்றியமையாதவை.

ரம்ஜான் இரவுகளில் விழித்திருக்கும் மசூதி சாலையை அறிந்தோருக்கு இது எத்துணை நடைமுறைக் கேள்வி என்பது விளங்கும். நோன்பு காலத்தில் நோய் மீள்வது குறித்து மொரோக்கோவில் நடந்த ஓர் ஆய்வு எச்சரித்தது. பாகிஸ்தானில் நடந்த மற்றோர் ஆய்வோ லித்தியம் அளவில் குறிப்பிடத்தக்க மாற்றத்தைக் காணவில்லை. ஆகவே குடும்பம் தானாகத் தடை விதிப்பதும் தவறு, மருந்தைத் தன்விருப்பப்படி மாற்றுவதும் தவறு. நோன்பு தொடங்குவதற்குப் பல வாரங்கள் முன்பே, நோயரும் குடும்பத்தாரும் மருத்துவருடன் அமர்ந்து பேசுவதே முறை.

இத்தகைய முன்னேற்பாட்டுக்குச் சட்ட வடிவமும் உண்டு. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தனக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் பேச வேண்டியவர் யார் என்பவற்றை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை வயது வந்த ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது. இது மேலைநாட்டுத் தனிமனித நோக்கின் இறக்குமதி, இந்தியக் குடும்பத்தை ஓரங்கட்டுகிறது என்ற எதிர்ப்பு மனநல மருத்துவர்களிடமிருந்தே எழுந்தது. சுமையைத் தாங்குவது குடும்பம், முடிவெடுப்பது தனிநபரா என்ற அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எனினும் தெளிந்த காலத்தில் கூடி அமர்ந்து எழுதப்படும் முன்விருப்ப ஆவணம் குடும்பத்தை வெளியேற்றுவதில்லை. மிகையெழுச்சியின் உச்சத்தில் அண்ணனிடம் தந்தை காட்டக்கூடிய ஒரே சான்று, அண்ணனே எழுதிக் கையெழுத்திட்ட அந்தத் தாள்தான்.

குடும்பத்தை மருத்துவத்தின் பங்காளியாக ஏற்பதில் இந்திய மனநல மருத்துவம் முன்னோடியாக இருந்தது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர், உறவினர்களைக் கூடாரங்களில் நோயருடன் தங்கவைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் உறவினர் உடன் தங்கும் முறையைப் பின்பற்றியது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் குடும்ப மனநலத்துக்கெனத் தனி மையம் கண்டது. ஆனால் பங்காளியாக அழைக்கப்பட்ட குடும்பம் காலப்போக்கில் ஒரே பொறுப்பாளியாக விடப்பட்டது. நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இருமுனைக் கோளாறு உள்ளோரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாதிருந்தனர். அவர்களுக்கு எஞ்சியிருப்பது வீடு மட்டுமே.

2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம். அது தேவையான தொடக்கம். ஆயினும் நெருக்கடி நேரத்துத் தொலைபேசி அழைப்பு, ஒன்பது மாதப் பயிற்சிக்கு ஈடாகாது. குடும்பங்களுக்கான பயிற்சி, பராமரிப்போர் ஓய்வெடுக்கக் குறுகிய காலத் தங்குமிடம், முன்விருப்ப ஆவணம் எழுத உதவி ஆகியவை அந்தந்தப் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும்.

பிளேக் வந்தபோது, ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டைத் தானே காத்துக்கொள்ளட்டும் என்று அரசு விட்டிருந்தால் பிரேசர் டவுனின் தெருக்கள் இருந்திரா. அன்று வடிகாலும் சாலையும் பொதுப்பொறுப்பாயின. இன்று ஒரு தாய், மகனிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்பதற்கு முன் அவன் எதற்குச் சிரித்தான் என்று கேட்கும் அளவுக்கு அச்சமின்றி வாழ வேண்டுமெனில், அந்த அச்சமின்மைக்கான ஏற்பாடும் பொதுப்பொறுப்பாக வேண்டும்.